அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு: பயறு கஞ்சி முதல் சாளைக்கறி வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் அறை எடுத்துப் படிக்கிறவர்களும், தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய்வருகிறவர்களும் சமையல் தொடங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. அளவுகள் ஒருவருக்கு. இருவருக்கு என்றால் அங்கேயே சொல்லியிருக்கிறோம். தம்ளர் என்றால் 200 மில்லி, கரண்டி என்றால் 5 மில்லி தேக்கரண்டி.

சமையல் கெடுகிற இடம் பெரும்பாலும் இரண்டுதான்: எதை எப்போது போட்டோம், தீ எவ்வளவு இருந்தது. அதனால் பதில்களில் அந்த இரண்டையும் விடாமல் சொல்லியிருக்கிறோம்.

முதலில் என்னென்ன பாத்திரம் வாங்க வேண்டும்?

3 லிட்டர் குக்கர் ஒன்று, மூடியோடு 3 லிட்டர் பாத்திரம் ஒன்று, நடுத்தர அளவில் இரும்புச் சட்டி ஒன்று, கத்தி, பலகை, தேங்காய்த் திருவி, இரண்டு கரண்டி. இவ்வளவு போதும். மிக்ஸி இருந்தால் வசதி. இல்லையென்றால் சிறிய இடிகல்லில் சம்மந்தியும் (கெட்டித் தேங்காய்த் துவையல்) துவரனுக்கான (தேங்காய் சேர்த்த பொரியல்) அரைப்பும் செய்துவிடலாம்.

மீன்கறிக்கு மண்சட்டி நல்லது, ஆனால் முதல் மாதமே வேண்டாம். வாங்கினால் இரண்டு மூன்று நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். சுடுசட்டியை ஈரத்தரையில் வைத்தால் விரிசல் விடும்.

கேஸா, இண்டக்‌ஷன் அடுப்பா?

வீட்டுக்காரர் கேஸுக்குச் சம்மதித்தால் கேஸ். 14.2 கிலோ இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை அறையில் இருப்பவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் சுலபம். இந்தியன் ஆயில் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. அடையாள அட்டை காட்டினால் போதும்.

இண்டக்‌ஷன் என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. மற்றொன்று, சுவரிலுள்ள பிளக். சிறிய 6 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். 2,000 வாட் அடுப்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது. வயர் உருகிய வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

சமையலே தெரியாது. முதல் நாள் எதைச் செய்து பார்க்கலாம்?

பயறு கஞ்சி. தவறினாலும் சாப்பிடும்படி இருக்கும். அரிசியும் பயறும் சேர்வதால் வெறும் சோற்றைவிடச் சத்து.

மட்டை அரிசி (சிவப்புப் புழுங்கலரிசி) அரை தம்ளர், சிறுபயறு கால் தம்ளர். இரண்டையும் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் 5 தம்ளர் தண்ணீரோடு போட்டு, அரைக் கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கக் காத்திருங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். பெரிய கரண்டியில் இரண்டு தேங்காய்த் துருவல், கால் கரண்டி சீரகம், ஒரு பல் பூண்டு ஆகியவற்றைச் சதைத்துப் போட்டு ஒரு கொதி விட்டால் கஞ்சி தயார்.

விசில் வழியாகக் கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால், குக்கர் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது அல்லது தீ அதிகம். அரிசியும் பயறும் நுரைக்கிற பொருட்கள். அவற்றுக்குக் குக்கரில் பாதி அளவுதான் எல்லை. அந்த அரைக் கரண்டி எண்ணெய் நுரையை அடக்கத்தான். நுரை போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் வெயிட் உட்காரும் துளையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தொட்டுக்கொள்ளச் சம்மந்தி: தீயில் வாட்டிய வத்தல் மிளகாய் 2, உள்ளி (சின்ன வெங்காயம்) 3, தேங்காய் கால் மூடி, புளியங்கொட்டை அளவு புளி, உப்பு. தண்ணீர் விடாமல் இடித்து உருட்டுங்கள். கூடவே ஒரு பப்படத்தை இடுக்கியில் பிடித்துத் தீயில் சுட்டுக்கொண்டால் எண்ணெய்ச் செலவும் இல்லை.

மட்டை அரிசி ஒன்று வேகாமல் கிடக்கிறது, இல்லையென்றால் குழைந்துவிடுகிறது. ஏன்?

அது புழுங்கலரிசி. நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்து, சிவப்புத் தவிடு முழுக்கப் போகாமல் குத்தியது. தவிடு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். பொன்னி அரிசிக் கணக்கில் 1க்கு 3 தண்ணீரும் மூன்று விசிலும் வைத்தால் நடு வேகாது.

ஒரு மணி நேரம் ஊறவைத்து, 1 தம்ளருக்கு 4 தம்ளர் தண்ணீர், முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம். ஆவி அடங்கியதும் உடனே திறந்து கஞ்சியை வடியுங்கள். குழைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் வடிக்காமல் அந்தச் சூட்டுத் தண்ணீரிலேயே விட்டுவைப்பதுதான். வடித்த கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். கொட்டாதீர்கள்.

கேஸ் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. இருவருக்கு 2 தம்ளர் அரிசியைப் பத்துத் தம்ளர் தண்ணீரில் கனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, 10 நிமிடம் கொதித்ததும் மூடி, பழைய போர்வையில் இறுகச் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு மறுபடி 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் சோறு பதமாக இருக்கும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் தெர்மல் குக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பருப்பை எட்டு விசில் விட்டும் வேகவில்லை. பருப்பு மோசமா?

இருக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பருப்பு கல்லாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டைப் பாருங்கள்.

முதலாவது, தக்காளியோ புளியோ சேர்த்தே வேகவைத்தீர்களா? காயிலும் பருப்பிலும் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு இருந்தால் அது லேசில் கரையாது. பருப்பு வெந்த பிறகே புளி, தக்காளி, மாங்காய் என்ற வழக்கம் இதனால்தான். சாம்பாருக்கு மட்டுமல்ல, உருளை, சேனை, முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் இதே வரிசை. சேனையில் இன்னொன்றும் உண்டு. அதன் நமைச்சலுக்குக் காரணம் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள். புளி சேர்த்தால் நமைச்சல் குறையும். அதனால் முதலில் முக்கால் வேக்காடு, பிறகு புளி.

இரண்டாவது, தண்ணீர். உப்புக்கடுப்பான போர்த் தண்ணீரில் கால்சியம் இருக்கும். அது பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். குடிக்கிற தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். போர்த் தண்ணீர் தவிர வழியில்லை என்றால் அரை தம்ளர் பருப்புக்குச் சிட்டிகை சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும், தயமின் (வைட்டமின் பி1) சத்தும் அழியும்.

மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) விஷம் இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான், பயப்படவும் வேண்டாம். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டினாலோ நசுக்கினாலோ அதிலிருந்து சயனைடு வெளியாகும். அது தண்ணீரில் கரையும், ஆவியாகவும் போய்விடும். எனவே பச்சையாகத் தின்னக் கூடாது. குக்கரில் மூடி அதே தண்ணீரில் வேகவைக்கவும் கூடாது.

வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டென்று ஒடிந்து உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலக் கருப்புக் கோடுகள் ஓடியிருந்தால் தோண்டி இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது என்று பொருள். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.

இருவருக்கு 750 கிராம். மேல்தோலையும் அதற்கடியிலுள்ள கெட்டியான இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உரியுங்கள். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு விரலை உள்ளே விட்டால் இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும். துண்டாக்கி, நடுநாரை எடுத்து, மூன்று தண்ணீரில் கழுவுங்கள். கிழங்குக்கு மேல் நான்கு விரற்கடை நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றி மூடாமல் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்து வேகவைத்து வடியுங்கள். பிறகு தேங்காய் கால் மூடி, பச்சைமிளகாய் 3, சீரகம் அரைக் கரண்டி, உள்ளி 4, மஞ்சள் கால் கரண்டி ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு, சிறுதீயில் மரக்கரண்டியால் மசித்தால் ஆயிற்று. வாயில் வைத்ததும் கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்தக் கிழங்கு இங்கே ஏழைகளின் சோறானதற்கு வரலாறு உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது சமஸ்தானம் முழுக்கக் கிழங்கை நம்பியிருந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுப்பு மாறவில்லை. ஆனால் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது பக்கத்தில் வைக்கும் மீன்கறி. மீன் சாப்பிடாதவர்கள் பயறோ கடலையோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாளை (மத்தி மீன்) மலிவாகக் கிடைக்கிறது. எப்படிப் பார்த்து வாங்கி, எப்படிக் கறி வைப்பது?

கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். வயிறு உடைந்து சளசளத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சாளையும் அயிலையும் (கானாங்கெளுத்தி) சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழிக்க முடியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வருவது அதனால்தான். மாலையில் சமைக்கப்போகிற மீனைக் காலையில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள்.

கால் கிலோ இருவருக்குப் போதும். செதிலைச் சுரண்டி, தலையையும் குடலையும் நீக்கி, கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவுங்கள். அரை மூடித் தேங்காய், மிளகாய்ப்பொடி ஒன்றரைக் கரண்டி, மல்லிப்பொடி ஒரு கரண்டி, மஞ்சள்பொடி கால் கரண்டி, உள்ளி 3 எல்லாவற்றையும் வெண்ணெய்போல அரையுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, அரைப்பு, உப்பு, கீறிய பச்சைமிளகாய் 2, கறிவேப்பிலை சேர்த்து அடுப்பில் வையுங்கள். மீனை இப்போது போடக் கூடாது. மசாலாவின் பச்சை வாடை போக 8 நிமிடம் கொதிக்க வேண்டும். மீனுக்கோ 7 நிமிடமே போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று பச்சையாக இருக்கும் அல்லது மற்றது உடைந்து முள்ளாகும்.

கொதித்த குழம்பில் மீனை அடுக்கி, தீயைக் குறைத்து 7 நிமிடம். கரண்டி போடாதீர்கள். சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அணைத்ததும் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயை மேலே விட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். புளிக்குப் பதில் குடம்புளி என்றால் இரண்டு சுளை. கழுவி 15 நிமிடம் ஊறவைத்து முதலிலேயே போட்டுவிடுங்கள்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். அப்போது நெத்திலிக் கருவாடு வாங்குங்கள். கறிக்கு 50 கிராம் போதும். வெந்நீரில் இரண்டு முறை அலசி உப்பை எடுத்துவிட்டுச் சமையுங்கள்.

மோர்க்கறி வைத்தால் திரிந்து திப்பி திப்பியாகிறது.

மோரைக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். தயிரில் ஏற்கனவே புளிப்பு இருப்பதால், சூடு ஏறினால் அதன் புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிரித்துவிடும்.

வெள்ளரிக்காயோ தடியங்காயோ (நீர்ப்பூசணி) ஒரு தம்ளர் துண்டுகளை மஞ்சள், உப்போடு வேகவைத்து, தேங்காய் கால் மூடி, சீரகம், பச்சைமிளகாய் அரைப்பைச் சேர்த்து 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயை அடியோடு குறைத்து, கொதி அடங்கும்வரை நில்லுங்கள். ஒரு தம்ளர் புளித்த தயிரை, கட்டியில்லாமல் கடைந்து, ஒரு கரண்டி அரிசிமாவு கலந்து ஊற்றி, கை எடுக்காமல் கிண்டுங்கள். சட்டியின் விளிம்பைப் பாருங்கள். முதலில் ஓரத்தில் மட்டும் நுண்ணுரை வளையம்போலக் கட்டும். நடுவில் மெல்ல ஆவி எழும். முதல் குமிழி உடையும் முன்பே அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் இரண்டு நிமிடம் கிண்டுங்கள், மண்சட்டியில் சூடு நிற்கும். மூடி போடாதீர்கள்.

துவரன் தண்ணீர் கோத்துக்கொள்கிறது.

உப்பை முதலிலேயே போட்டு, மூடி, சிறுதீயில் வைத்தால் அப்படித்தான். முட்டைக்கோஸ், பீன்ஸ், கீரை எதுவானாலும் பொடியாக நறுக்கி, நன்றாகச் சூடான சட்டியில் கடுகு, வத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் போட்டு, இரண்டு நிமிடம் மட்டும் மூடுங்கள். பிறகு திறந்து உப்பும் தேங்காய் அரைப்பும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். முருங்கைக்கீரைக்கு மூடியே வேண்டாம்.

தாளித்தாலே கருகுகிறது.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு. வெடித்து அடங்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து உளுந்து, பிறகு மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. பொடி வகைகளை அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். மிளகாய்ப்பொடி சூடான எண்ணெயில் சில நொடியில் கருகிக் கசக்கும்.

கறியில் உப்புக் கூடிவிட்டது. உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சுமா?

உருளை தன் பங்குக்குக் குழம்பைத்தான் உறிஞ்சும், உப்பை மட்டும் தனியாக எடுக்காது. அளவைக் கூட்டுவதுதான் வழி. தேங்காய் அரைப்பு, வெந்த பருப்பு அல்லது வெந்நீர் சேர்த்து நீட்டி, மறுவேளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லை. மீந்ததை என்ன செய்வது?

சோற்றை வெளியே மணிக்கணக்கில் வெறுமனே வைக்காதீர்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியா வேகவைத்தாலும் சாகாமல், சோறு ஆறியதும் பெருகி நஞ்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரவு மீந்ததை ஆறியவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் பழைய கஞ்சி. மணம் மாறியிருந்தாலோ, வழுவழுப்பாக நூல்விட்டாலோ கொட்டிவிடுங்கள்.

தேங்காய் அரைத்த கறிதான் முதலில் கெடும். அதை அந்தந்த வேளைக்கே செய்யுங்கள். உடைத்த தேங்காயில் மீந்த மூடியின் உட்பக்கத்தில் உப்புத் தடவி வைத்தால் மறுநாள்வரை தாங்கும்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு வாங்கினால் போதும்?

இரண்டு வேளை சமைப்பவருக்கு அரிசி ஒன்றரை முதல் 2 கிலோ, சிறுபயறும் துவரம்பருப்பும் கால் கிலோ வீதம், கிழங்கு 1 கிலோ (வாங்கிய அன்றே வேகவைத்து நண்பரோடு பங்கிட), தேங்காய் 3, தேங்காயெண்ணெய் 200 மில்லி, பல்லாரி (பெரிய வெங்காயம்) அரைக் கிலோ, உள்ளி கால் கிலோ, புளி 50 கிராம், முட்டை 6. காய்கறியை இரண்டு தடவையாக, முடிந்தால் வடசேரி அல்லது மார்த்தாண்டம் சந்தையில் மாலை கடைகட்டும் நேரத்தில் வாங்குங்கள். அப்போது கூறுகட்டி விற்பார்கள். கடலை, பயறு முளைகட்டி வைத்துக்கொண்டால் காய் இல்லாத நாளும் ஓடிவிடும்.

வீட்டில் தமிழ்நாட்டு அரிசி அட்டை இருந்தால் அரிசி விலையில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஊருக்குப் போகும்போது கொஞ்சம் கொண்டுவரலாம். ஆனால் அந்த அரிசியைக் கேரள எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் அறை கிடைத்திருக்கிறது. கடையில் எப்படிக் கேட்பது?

பொருள் ஒன்றுதான், பெயர்தான் மாறும். மரச்சீனியைக் கப்பை என்றும் சொல்வார்கள். பல்லாரிக்குச் சவாள, பூண்டுக்கு வெளுத்துள்ளி. உள்ளி என்று மட்டும் சொன்னால் எந்த உள்ளி என்று கேட்பார்கள், சிறிய உள்ளி என்று சொல்லுங்கள். சாளையைச் சாள என்றும் மத்தி என்றும் சொல்வார்கள். பச்சரிசிக்குப் பச்சரி. கடலை என்று கேட்டால் கொண்டைக்கடலையை எடுத்துக் கொடுப்பார்கள். நிலக்கடலை வேண்டுமென்றால் கப்பலண்டி என்று கேளுங்கள்.